வெர்ன் டீட்ரிக்கின் இரண்டு சீட்டு

எங்கள் ஊர் கோல்ட்டர் ஃபோர்க்கில் போக்கர் ஆட ஒரே ஒரு இடம்தான். பெரிய சாலையில் லைல் ப்ரூவரின் மதுக்கடை, அதற்குப் பின்னால் முன்பு பில்லியர்ட்ஸ் மேஜை கிடந்த அறை. ஒரு மேஜை, ஒன்பது நாற்காலி. மேஜைமேல் விரித்த பச்சைத் துணி ஓரமெல்லாம் நாய் குதறியதுபோல் பிய்ந்திருக்கும். செவ்வாய், வியாழன், சனி, காலை பதினொரு மணிக்கு ஆட்டம். பதினான்கு வருடம் அந்த மேஜையில் சீட்டுப் போட்டவள் நான். பெயர் மாவிஸ் ஹோக்லண்ட்.

அங்கே வருகிறவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் கிடையாது. நாற்பது டாலரோடு உட்காருவார்கள். நான்கு மணி நேரம் கழித்து நாற்பத்தாறு டாலரோடு எழுந்திருப்பார்கள். அந்த ஆறு டாலரைப் பற்றி அடுத்த செவ்வாய்வரை பேசுவார்கள். ஜெயித்தால் மூளை, தோற்றால் சீட்டு சரியில்லை, இல்லாவிட்டால் சீட்டுப் போட்ட என் கை சரியில்லை. ஒருவனைத் தவிர எல்லோருக்கும் வயது அறுபதுக்கு மேல். எல்லோரும் ஒரு காலத்தில் லாஸ் வேகாஸ் போயிருக்கிறார்கள். போன இடத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரர் தங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். அந்தத் தலையாட்டல் கதையை நான் ஏழு பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இவர்களிலும் கேடு கெட்டவர் வெர்ன் டீட்ரிக்.

வெர்ன் முப்பத்தொரு வருடம் பயிர்க் காப்பீட்டில் வேலை பார்த்தவர். ஆலங்கட்டி மழை அடித்துக் கோதுமை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது ஒரு வெள்ளை பிக்கப் வண்டியில் வந்து இறங்குவார். வரப்பில் நின்றபடி, 'இதுல நாப்பது பர்சென்ட்தான் சேதம்' என்று எழுதிக்கொண்டு போவார். அழுகிற குடியானவன் எதிரில் சேதத்தைக் குறைத்து எழுதிப் பழகிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமைக்கு வேறு வேலை இல்லாததால் போக்கர் ஆட வந்தார். எப்போதும் ஒன்றாம் நாற்காலி, அதாவது என் இடது கைக்குப் பக்கத்து இடம். அங்கிருந்தால் என் கையைக் கவனித்துத் திருத்தலாமாம். "மாவிஸ், குலுக்கு பத்தலை." "மாவிஸ், ஒரு டாலர் குறையுது பாரு." குறைந்ததே இல்லை.

யார் தோற்றாலும் அவருக்கு ஒரு பாடம் நடத்துவார். ஜெயித்தவருக்கும் நடத்துவார். நடத்தி முடித்து மேஜையைச் சுற்றிப் பார்ப்பார். மற்றவர்கள் பல்லைக் காட்டுவார்கள். பிறகு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று அவரைத் திட்டுவார்கள். உள்ளே ஒருவர் வாயும் திறந்ததில்லை. என் வாயும் சேர்த்துத்தான்.

போன அக்டோபரில், சர்க்கரைக்கான பீட் கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை ரோவீனா ஸ்டாடிக் உள்ளே வந்தாள். எழுபத்திரண்டு வயது. உயரமான, எலும்பு அகன்ற பெண். கவுண்டி நிர்வாகத்துக்கு இருபத்தொன்பது வருடம் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவள். அவள் கணவன் டுவெய்ன் எங்கள் மேஜையில் பத்து வருடம் நான்காம் நாற்காலியில் உட்கார்ந்தவர். பிப்ரவரியில் இருதயம் நின்று இறந்துபோனார். மேஜைக்காரர்கள் இறுதிச் சடங்குக்குப் போனார்கள். போய்விட்டு நேரே வந்து ஆடினார்கள்.

ரோவீனா கோட்டைக் கழற்றாமலேயே மேஜையருகில் நின்றாள். "இங்க யார் வேணும்னாலும் உட்காரலாமா?"

"காசு இருந்தா யார் வேணும்னாலும்," என்றார் வெர்ன். "டுவெய்னோட வீட்டுக்காரிதானே நீங்க? வாங்க வாங்க. அவன் இல்லாம எங்க வருமானமே படுத்துப்போச்சு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரோவீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ஆட வரலை. பத்து வருஷமா வாரத்துக்கு மூணு நாள் என் புருஷன் இங்க வந்து என்ன பண்ணிட்டிருந்தார்னு பாக்க வந்தேன். ஆடினாத்தான் பாக்க முடியும்னா ஆடறேன்."

நாற்பது டாலர் கொடுத்து, பணத்துக்குப் பதில் மேஜையில் வைத்து ஆடும் வில்லைகளை வாங்கிக்கொண்டு நான்காம் நாற்காலியில் அமர்ந்தாள். ஆட்டம் அவளுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவேன். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திருப்பி வைப்பேன். இரண்டையும் ஐந்தையும் சேர்த்து யாருக்கு நல்ல கூட்டு அமைகிறதோ நடுவில் சேர்ந்த பணம் அவருக்கு. இடையில் பயந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து என்னிடம் தள்ளிவிட்டு விலகுவார்கள். அவ்வளவுதான். இதற்குத்தான் வெர்ன் வருடக்கணக்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ரோவீனா பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஆட்டத்தில் வெர்ன் பந்தயப் பணத்தை ஏற்றிக்கொண்டே போக, இவளும் விடாமல் சமமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் வெர்ன் இரண்டு ஏஸைத் திருப்பினார். ரோவீனா எட்டும் நாலும் திருப்பினாள். நடுவில் ஒரு எட்டும் ஒரு நாலும் கிடந்தன. இரண்டு ஜோடி ஒரு ஜோடியை அடிக்கும், பணம் அவளுக்கு.

வெர்னின் கழுத்து சிவந்தது. "எட்டு நாலா? எட்டு நாலை வெச்சுக்கிட்டு புத்தி இருக்கறவங்க யாராவது நிப்பாங்களா?"

"நான் நின்னேனே," என்றாள் ரோவீனா.

"அது ஆட்டம் இல்லைம்மா. அது அதிர்ஷ்டம். கணக்குப்படி பாத்தா அந்தக் காசு எனக்கு வந்திருக்கணும்."

"அப்படியா? உங்க கணக்குக்கிட்ட கேட்டு வாங்கிக்கோங்க."

ஹெக்டர் அரியாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பீட் லாரி ஓட்டுகிறவன், மேஜையில் வயதில் குறைந்தவன், ஐம்பத்தைந்து. வெர்ன் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றினான். அதுதான் ஹெக்டர். தைரியம் வரும், வந்த வழியே போய்விடும்.

அன்று போகும்போது ரோவீனா என்னிடம், "டுவெய்ன் நல்லா ஆடுவாரா?" என்று கேட்டாள். நான், "சந்தோஷமா ஆடுவார்," என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு இரண்டு டாலர் டிப்ஸ் வைத்துவிட்டுப் போனாள். வெர்ன் நாள் முழுக்க உட்கார்ந்தால் வைப்பது ஒரு டாலர்.

வியாழக்கிழமை மறுபடி வந்தாள். வெர்ன் அன்று அவளுக்காகவே காத்திருந்தார். அவருடைய ஒவ்வொரு அசைவிலும் அது தெரிந்தது. பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாதா?

இரண்டு மணி வாக்கில் அவர் எதிர்பார்த்தது அமைந்தது. நடுவில் இரண்டு ராஜா, ஒரு ஏழு, இன்னும் இரண்டு சின்னச் சீட்டு. ரோவீனா கையில் ஒரு ராஜா. ஆக மூன்று ராஜா. அவள் போட்டதற்கெல்லாம் வெர்ன் சமமாகப் போட்டார், ஒரு தடவைகூட ஏற்றவில்லை. முடிவில் அவள் சீட்டைத் திருப்பினாள்.

வெர்ன் தலையில் கை வைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். "மூணு ராஜாவா! அடடா. அப்போ என்ன பண்றது? எடுத்துக்கோங்கம்மா, எடுத்துக்கோங்க."

ரோவீனா முகத்தில் அன்றுதான் முதன்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டி வில்லைகளை அணைத்து இழுக்கத் தொடங்கினாள்.

அப்போது வெர்ன் ஒரு சீட்டைத் திருப்பினார். ஏழு. ஒரு மிடறு பீர் குடித்தார். இன்னொன்றைத் திருப்பினார். அதுவும் ஏழு. மூன்று ஏழும் இரண்டு ராஜாவும் சேர்ந்தால் மூன்று ராஜாவை அடித்துவிடும். எங்கள் ஆட்டத்தில் இதைவிட அசிங்கம் கிடையாது. ஜெயித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்றவளைக் கை நீட்டவிட்டுப் பிறகு காட்டுவது. பெரிய ஊர்களில் இதைச் செய்தவனோடு மறுநாள் யாரும் பேசமாட்டார்கள்.

"டுவெய்னும் இப்படித்தான்," என்றார் வெர்ன், வில்லைகளைத் தன் பக்கம் இழுத்தபடி. "ரெண்டு கையையும் நீட்டுவான். குழந்தை மிட்டாய்க்கு நீட்டற மாதிரி. எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

ரோவீனாவின் கைகள் மேஜைமேல் அப்படியே இருந்தன. ஹெக்டர் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினான். நான் கழித்த சீட்டுகளைப் பொறுக்கிக் குலுக்கினேன். அது என் வேலை, அதைச் செய்தேன். வெர்ன் ஒரு டாலர் வில்லையை என் பக்கம் சுண்டிவிட்டார். "நல்ல சீட்டு போட்டே மாவிஸ்." நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ் வெர்ன்," என்றேன். பதினான்கு வருடப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் லைலிடம் போனேன். லைல் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுப்பணத்திலிருந்து மூன்று டாலர் எடுத்துக்கொள்கிறவர். கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளை ஒரு மாசம் வராதேன்னு சொல்லுங்க லைல்."

"எந்த ஆளை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

கிளாசை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அவர் பண்ணது தப்புதான். ஆனா சட்ட விரோதம் இல்லையே. அவர் வரலைன்னா அவர் கூட்டாளிங்க ரெண்டு பேரும் வரமாட்டாங்க. அப்புறம் அஞ்சு பேர்தான். அஞ்சு பேரை வெச்சு ஆட்டம் நடத்தி நான் விளக்கு போட முடியுமா, உனக்குச் சம்பளம் குடுக்க முடியுமா?"

"அந்தப் பொம்பளை அழற மாதிரி இருந்தா."

"அழலையே," என்றார் லைல். அதோடு அவருக்கு விஷயம் முடிந்தது.

ரோவீனா இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். சனிக்கிழமை, சரியாகப் பதினொரு மணிக்கு. இருநூறு டாலரோடு.

அன்று நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஊரில் இது பல விதமாகச் சுற்றிவிட்டது.

பகல் ஒன்றரை மணி. மேஜையில் ஏழு பேர். நான் போட்ட சீட்டில் ரோவீனாவுக்கு இரண்டு ஒன்பது வந்தது. இது பிறகு தெரிந்தது. வெர்னுக்கு என்ன வந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். அவர் தன் சீட்டின் முனையைத் தூக்கிப் பார்க்கும்போது தேவைக்குமேல் தூக்குவார். ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவருக்குத் தன் சீட்டை மறைக்கத் தெரியாது. ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஜாக்கி, இரண்டும் சிவப்பு இதயக் குறி போட்டவை.

நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு. ரோவீனாவுக்கு மூன்று ஒன்பது ஆகிவிட்டது. போட்டாள். வெர்ன் சமம் போட்டார். நாலாவது சீட்டு இஸ்பேட் இரண்டு. மறுபடி போட்டாள், மறுபடி சமம். கடைசிச் சீட்டு ஆட்டின் ஆறு. வெர்னிடம் இப்போது ஐந்து ஆட்டின்; ஒரே குறியில் ஐந்து சேர்ந்தால் மூன்று ஒன்பதை அடித்துவிடும். அந்த மேஜையில் அதை அடிக்க வேறு சீட்டே கிடையாது.

ரோவீனா தன்னிடம் மீதியிருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினாள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முந்நூறு டாலர்.

வெர்ன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'சமம்' என்றால் முடிந்தது. சொல்லவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சீட்டை என் பக்கமாக, மேஜையின் நடுப்பக்கமாகத் தள்ளி வைத்தார். கன்னத்தைத் தடவினார். "கஷ்டமான முடிவு," என்றார். "ரொம்பக் கஷ்டம். ஹெக்டர், நீ என்ன சொல்றே? போட்டுடலாமா, விட்டுடலாமா?"

"நான் ஆட்டத்துல இல்லை வெர்ன்."

"பாவம் வயசான பொம்பளை. வீட்டுக்காரரும் போயிட்டார். விட்டுடலாமோ?" ரோவீனாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "கொஞ்சம் யோசிக்கிறேன் கண்ணு. அவசரம் இல்லையே?"

பிறகு நாற்காலியை முழுக்கத் திருப்பி, கடைப்பக்கம் பார்த்து, "லைல்! ஒரு பீர்! யோசிக்கத் தொண்டை நனையணும்!" என்று கத்தினார். முதுகு மேஜைக்கு. கை சீட்டுமேல் இல்லை. மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் சீட்டுமேல் ஒரு காசையோ சாவியையோ வைத்துக் காப்பார்கள். வெர்ன் அதைச் செய்ததில்லை. அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்காம்.

என் இடது கை போயிற்று. அவருடைய இரண்டு சீட்டையும் வழித்து, கழித்த சீட்டுக் குவியலில் சேர்த்து, ஒரு தடவை கலைத்துவிட்டது. மூன்று விநாடி இருக்கலாம். பிறகு நடுவிலிருந்த பணத்தை ரோவீனா பக்கம் தள்ளினேன்.

வெர்ன் திரும்பினார். "என் சீட்டு எங்கே?"

"விட்டுட்டீங்கன்னு நினைச்சேன் வெர்ன்," என்றேன். என் குரல் நடுங்கவே இல்லை. "முன்னால தள்ளி வெச்சிருந்தீங்க."

அந்த மனிதர் கத்திய கத்தலில் முன்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். ஏஸ், ஜாக்கி, ஆட்டின், எடுத்துப் பாருங்கள் என்றார். கலைந்த குவியலில் எது யாருடையது என்று எப்படிச் சொல்வது? லைல் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பார்த்தார். ஆறாவது விதி: தன் சீட்டைக் காப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு, சீட்டுப் போடுபவர் தவறி எடுத்துவிட்டால் கேட்க முடியாது. அதை ஒட்டச் சொன்னதே வெர்ன்தான். லைல் தலையைச் சொறிந்துகொண்டு, "விதி விதிதான் வெர்ன்," என்றார். அந்த ஒரு தடவைதான் லைல் நேராக நின்றதைப் பார்த்தேன். அதுவும் சுவர் அவருக்குப் பின்னால் இருந்ததால்.

வெர்ன் கோட்டை எடுத்துக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனார். போனதுதான் தாமதம், மேஜையே சிரித்தது. பதினான்கு வருடமாக அடக்கி வைத்த சிரிப்பு. மேஜையைத் தட்டினார்கள். ஹெக்டர் வெர்னைப்போலவே கன்னத்தைத் தடவி, "ரொம்பக் கஷ்டமான முடிவு," என்று நடித்துக் காட்டினான். அவர் இருக்கும்போது இதில் பத்தில் ஒரு பங்கு செய்திருந்தால் நான் அவனை மதித்திருப்பேன்.

ரோவீனா சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லைகளைப் பணமாக மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு டிப்ஸ் வைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து மூன்று மணிக்கு நான் வெளியே வந்தபோது அவள் தன் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். காற்று பலமாக வீசியது. பீட் லாரிகளிலிருந்து கொட்டிய சேறு சாலையெல்லாம் காய்ந்து கிடந்தது. எனக்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் கூசுகிறது.

"உன் கை தவறலை," என்றாள்.

"என்ன?"

"இருபத்தொம்பது வருஷம் பனி தள்ளியிருக்கேன். வண்டி சறுக்கிப் போறதுக்கும் ஆள் திருப்பிப் போறதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். நீ திருப்பினே."

நான் கோட்டின் பொத்தானைப் போட்டேன். பிறகு, "அந்த ஆள் உங்களை என்ன பாடுபடுத்தினான்…" என்று தொடங்கினேன்.

"அவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியும். அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவன் சீட்டு என்ன?"

"ஏஸ், ஜாக்கி. ஆட்டின்."

"அப்போ நான் தோத்துட்டேன்."

"ஆமா."

தலையை ஆட்டினாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். மளிகைக்கடையில் அழுகின பழத்தை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"டுவெய்ன் பத்து வருஷம் உன் கையால சீட்டு வாங்கினார்," என்றாள். "வாராவாரம் தோத்துட்டு வருவார். சீட்டு வரலை ரோவீனா, சீட்டே வரலைன்னுவார். அவர்கிட்டயும் இப்படிப் பண்ணியா?"

"சத்தியமா இல்லை! ஒரு தடவைகூட இல்லை."

"எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. பதினான்கு வருடத்தில் நான் எண்ணற்ற ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டிருக்கிறேன். எல்லாம் நேர்மையாக. என்னிடம் பெருமைப்பட இருந்த ஒரே விஷயம் அது. மேஜையில் இருந்த அத்தனை பேரையும் நான் மட்டமாக நினைக்க முடிந்தது அதனால்தான். இவர்கள் அற்பர்கள், கோழைகள், ஆனால் என் கை சுத்தம். இப்போது அந்தப் பதினான்கு வருடத்தில் எந்த ஒரு ஆட்டத்தை யார் காட்டிக் கேட்டாலும் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. அதுவும் யாருக்காக? வெர்ன் டீட்ரிக்குக்காக. அந்த ஆளுக்காக என் கையை அழுக்காக்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை வெர்ன் வந்தார். முகமெல்லாம் பல். உட்காரும் முன்னாலேயே ஒரு உறையை எடுத்து மேஜைமேல் அறைந்தார்.

"பாத்துக்கோங்க! முந்நூறு டாலர். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு அந்த ஸ்டாடிக் பொம்பளை என் வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறா. 'இது என்னோடது இல்லை'ங்கறா. அவளே ஒத்துக்கிட்டா, என் சீட்டுதான் பெருசுன்னு!"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டான் ஹெக்டர்.

"என்ன சொல்றது? எண்ணிப் பாத்தேன். சரியா இருந்தது."

"உள்ள கூப்பிட்டு ஒரு காபிகூட குடுக்கலையா?"

"எதுக்கு? என் காசை எனக்குக் குடுக்கறதுக்குக் காபியா?"

இதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். சனிக்கிழமை மேஜையைத் தட்டிய அதே கைகள் அதே மேஜைமேல் சமர்த்தாக மடங்கிக் கிடந்தன. லைல் கதவருகில் நின்றிருந்தார்.

நான் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தேன். "ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். "சனிக்கிழமை வெர்ன் சீட்டை நான் தெரியாம எடுக்கலை. தெரிஞ்சேதான் எடுத்தேன். அவர் கையில என்ன இருந்ததுன்னும் எனக்குத் தெரியும்."

லைல் கதவருகிலிருந்து நகர்ந்து வந்தார்.

"விளையாட்டுக்குச் சொல்றா," என்றார் லைல் அவசரமாக.

"விளையாட்டு இல்லை."

"மாவிஸ், வாயை மூடு. கடை லைசன்ஸ் போயிடும்."

ஹெக்டர் என் பக்கம் குனிந்து, "நல்ல காரியம்தான் பண்ணீங்க, விடுங்க," என்று கிசுகிசுத்தான். அவனுக்கு அது ஆறுதல் சொல்வதாகத் தோன்றியது.

நான் வெர்னைப் பார்த்தேன். கத்துவார், போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிட்டிருந்தால்கூட அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். அவர் கத்தவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு லைலைப் பார்த்தார். வயல் வரப்பில் நின்று எத்தனை பர்சென்ட் என்று கணக்குப் போடும் அதே பார்வை.

"எனக்கு மன உளைச்சல் ஆயிருக்கு லைல்," என்றார். "இதை நான் வெளிய சொன்னா உனக்குக் கஷ்டம். ரெண்டு மாசம் பர்கரும் பீரும் இலவசமா குடு. மறந்துடறேன்."

"பர்கர் மட்டும். ஒரு மாசம்."

"ஆறு வாரம். உருளைக்கிழங்கு வறுவலோட."

"சரி."

கை குலுக்கிக்கொண்டார்கள். நான் திருடினதற்கு விலை ஆறு வாரப் பர்கர். அதில் என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா, எதற்காகச் செய்தேன், எதுவும் இல்லை. "சரி மாவிஸ், சீட்டைப் போடு," என்றார் வெர்ன். இரண்டு கையையும் குவித்து, இல்லாத சீட்டை மூடிக் காட்டி மேஜையைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சட்டையில் குத்தியிருந்த, சீட்டுப் போட எனக்குள்ள லைசன்ஸ் அட்டையைக் கழற்றி லைல் கையில் கொடுத்தேன். "ஏய், என்ன இது?" என்றார். நான் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டைக் குலுக்கத் தொடங்கிவிட்டார். கையில் நேர்த்தியே இல்லை. ஒரு சீட்டு தரையில் விழுந்தது. வெர்ன் அதற்கு ஒரு பாடம் ஆரம்பித்தார்.

நேராக ரோவீனா வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே ரயில் பாதை தாண்டி, தகரக் கொட்டகையோடு கூடிய சின்ன வீடு. கதவைத் தட்டியதும் வந்தாள். வெளிப்பக்கத்து வலைக்கதவைத் திறக்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் காற்றில் நான்.

"அவங்ககிட்ட சொல்லிட்டேன்," என்றேன். "வேலையை விட்டுட்டேன்."

"சரி."

"டுவெய்ன் விஷயம் சொல்லத்தான் வந்தேன். அவர் சீட்டு வராம தோக்கலை. எல்லாருக்கும் வர்ற மாதிரிதான் அவருக்கும் வந்துது. அவர் எதையும் கீழ போடமாட்டார். என்ன வந்தாலும் கடைசிவரைக்கும் காசு போட்டுட்டே இருப்பார். அடுத்தவன் ஏமாத்தறான்னு தெரிஞ்சா சிரிப்பார். அந்த மேஜையிலேயே மோசமான ஆட்டக்காரர் அவர்தான். அதான் தோத்தார். நான் எதுவும் பண்ணலை."

உள்ளே எங்கோ வானொலியில் கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவரைப் பத்தி நீ சொல்றது சரியாத்தான் இருக்கு," என்றாள். "உன்னைப் பத்தி நீ சொல்றதை நான் எதை வெச்சு எடுத்துக்கறது?"

"எதை வெச்சும் எடுத்துக்க முடியாது," என்றேன்.

"முடியாதுதான்." கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள், அவ்வளவுதான். "காத்து பலமா இருக்கு. பாத்து ஓட்டிட்டுப் போ."

இப்போது நான் பீட் கொள்முதல் நிலையத்தில் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டு எழுதுகிறேன். ஹெக்டர் தினமும் வருகிறான், வெர்னைத் திட்டுகிறான், அடுத்த செவ்வாயும் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறான். ரோவீனா சில சமயம் தன் பழைய வண்டியில் அந்த வழியாகப் போவாள். நான் கை தூக்குவேன். அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள், எங்கள் பக்கம் சாலையில் எதிரே வரும் முன்பின் தெரியாதவர்களுக்கும் உயர்த்துவார்களே, அந்த ஒரு விரல்.